இருளாயியின் புஞ்சைக்கு இட்ட எரு

காலையில் நகராட்சி வண்டி வந்து, மக்கும் குப்பைக்குப் பச்சை வாளி, மக்காததற்கு நீல வாளி என்று பாட்டுப் போட்டுவிட்டுப் போனது. கூடவே ஒரு துண்டுப் பிரசுரம். அதில் இரண்டு பிழைகளைத் திருத்தினேன். ஓய்வுபெற்று முப்பது வருஷமானவனுக்கு வேறென்ன வேலை? ஆனால் பச்சை வாளியில் கிடந்த மீன்தலையின் வாடை விடவில்லை. இருளாயியின் புஞ்சையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

ஐம்பதுகளில் நான் கிராம சேவக், சர்க்காரின் விவசாயத் திட்டங்களை ஊர் ஊராகக் கொண்டுபோகிறவன். இராமநாதபுரத்துக்கும் கமுதிக்கும் நடுவே என் வட்டம். ஒரு சைக்கிள், ஒரு கையேடு, இருபத்திரண்டு வயது. கம்போஸ்ட் குழியின் நீள அகலம், எத்தனை அடுக்கு, எப்போது புரட்டுவது, எல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நிரப்பக் குப்பைதான் இல்லை. அந்த வறண்ட சீமையில் சருகை ஆடு தின்றுவிடும், சாணம் அடுப்புக்குப் போய்விடும். மேலதிகாரி பார்வையிட வரும் நாளோ நெருங்கிவிட்டது. கடற்கரைக் கருவாட்டுக் கிடங்குகளில் மீன்தலையும் குடலும் குவிந்து கிடப்பது நினைவுக்கு வந்தது. மீன் கழிவு சிறந்தது என்று கையேட்டில் இருந்தது. உப்புப் போட்ட மீனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

வண்டிக்காரர் சீனி ராவுத்தர் ஏற்றிவந்தார். இறக்கும்போது அவருடைய மாடுகள் சாக்கை விடாமல் நக்கின.

“அம்புட்டும் உப்பு சார். மாடு நக்குறதப் பாருங்க,” என்றார்.

“மாட்டுக்கே பிடிக்குது, மிளகாய்ச் செடிக்குப் பிடிக்காதா?” என்றேன். என் நகைச்சுவைக்கு நானே சிரித்தேன்.

வெட்டிவைத்திருந்த மூன்று குழிகளும் நிரம்பின, அதிகாரி பாராட்டினார். எரு மக்கியதும் செயல்விளக்கத்துக்கு இருளாயியின் புஞ்சையைப் பிடித்தேன். விதவை, இரண்டு பெண்பிள்ளைகள், அந்த ஒரு துண்டு மிளகாய்க் காட்டை விட்டால் வேறு பிழைப்பில்லை. பாதையோரம் திட்டப் பலகை நட வசதியாக இருந்தது, அவ்வளவுதான் காரணம். அவள் எருவை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துத் துப்பினாள்.

“ஏந்தம்பி, ஊறுகாயா போடப் போறோம்?”

“சர்க்கார் எரு. கெடுதல் வந்தா நான் பொறுப்பு.”

மூன்று குழி எருவையும் அங்கேயே கொட்டினோம். ஐப்பசியில் இரண்டு மழை, பிறகு இல்லை. பக்கத்துக் காடுகளில் செடி வாடியும் நின்றது. இவள் காட்டில் இலை ஓரம் கருகி, தை பிறக்குமுன் எல்லாம் சுள்ளி. மண்மேல் வெள்ளை பூத்திருந்தது.

திட்டத்தின் குறையால் பயிர் அழிந்தால் விதையும், அடுத்த அறுவடை வரை தானியமும் கொடுக்க விதி இருந்தது; மழை பொய்த்து அழிந்தால் ஒன்றும் கிடையாது. அந்த விதியின் எண்கூட எனக்குத் தெரியும். ‘பருவமழை பொய்த்ததால்’ என்று அறிக்கை எழுதி எடுத்துக்கொண்டு, அவளிடம் கைநாட்டு வாங்கப் போனேன்.

“என்னன்னு எழுதியிருக்கிய தம்பி?”

“மழை இல்லைன்னு.”

“வானத்து மேல போட்டாச்சாக்கும். அதுக்கு வாயா இருக்கு, திருப்பிக் கேக்க?”

பெருவிரலை நீட்டினாள். மையை நான்தான் தடவிவிட்டேன்.

பங்குனியில் பிள்ளைகளோடு ரயிலேறிவிட்டாள். எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்குப் பதவி உயர்வு வந்தது.

ஓய்வுபெற்ற பிறகு ஒருமுறை அந்தப் பக்கம் போனேன். குழிகள் தூர்ந்திருந்தன. இருளாயி என்றால் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் அந்த நிலத்தைக் காட்டிக் கேட்டேன்.

“அதா? பிறவியிலயே உவரு நெலம் சார். அங்கன எந்தக் காலத்துலயும் ஒண்ணும் வெளஞ்சதில்ல.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.