களிமண்ணுக்குக் கீழே யார்?

செயற்கைப் புல் விரிக்கிற தொழிலில் புல் கடைசி நாள் வேலை. அதற்கு முந்திய நாளெல்லாம் களிமண்ணோடு மல்லுக்கட்டல்தான். ஒரு மழைக்கே முற்றம் குளமாகி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசல் தாண்டுகிற கொழும்பு மக்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. களி தண்ணீரைக் குடிக்காது. அதனால் தோண்டி, சரிவு கொடுத்து, துளைக் குழாயை மண்ணுக்குள் தாட்டு, சல்லிக்கல் கொட்டி இறுக்கி, அதற்கு மேல்தான் பச்சை. குழாய் வேலை என் கூட்டாளி ரிஸ்வான் நானாவுடையது, புல் என்னுடையது. எங்கள் இரண்டு பேருக்கும் விளங்காமல் போன மூன்று இடங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

வெள்ளவத்தை முற்றம்

கால்வாய்ப் பக்கம் ஒரு வீடு. அங்கே சரோஜா மிஸ் தனியாக இருந்தா. பென்சன் எடுத்த ரீச்சர். முற்றத்தில் தண்ணீர் நின்று நுளம்பு பெருகுகிறது என்று எங்களைக் கூப்பிட்டிருந்தா. குழாயைத் தாட்டுவிட்டு, கல் போட முதல், வழக்கம்போல் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். சரிவில் பிழை இல்லை. ஆனால் தெருவோரக் கானுக்குள் திறக்கிற குழாய் வாயில் ஒரு சொட்டும் வரவில்லை.

"இன்னும் வுடுங்க தம்பி," என்றார் நானா. தொட்டித் தண்ணீர் முழுவதையும் விட்டோம். முற்றத்து நடுவில் களி அதைக் குடித்துக்கொண்டே இருந்தது. விறாந்தை ஓரத்தில் குனிந்து நிலத்தில் காதை வைத்தேன். எங்கேயோ ஆழத்தில், பெரிய அண்டாவுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம். நிமிர்ந்து பார்த்தால் நானா தண்ணீர் இறங்குகிற இடத்துக்கு நேர் மேலே நிற்கிறார்.

"அசையாதீங்க நானா" என்று சொல்லிவிட்டுப் பலகை ஒன்றைத் தள்ளினேன். அவர் அதில் குப்புறப் படுத்தார். கையைப் பிடித்து இழுத்து விறாந்தையில் ஏற்றினேன். அவர் மூச்சு வாங்கி முடிக்கவில்லை, முற்றத்து நடு கீழே இறங்கியது. கத்தியால் வெட்டிய மாதிரி ஒரு வட்டம். உள்ளே கறுப்புத் தண்ணீர், பழைய கிணற்றுக் கட்டு.

சத்தம் கேட்டு வந்த மிஸ் எட்டிப் பார்த்தா. பயந்ததாகத் தெரியவில்லை. பின்பக்க வேலியைத் திரும்பிப் பார்த்தா, மறுபடி கிணற்றைப் பார்த்தா.

"அப்பா இதை மூடினது அந்த வேலியடியில தம்பி. இஞ்ச வரைக்கும் வந்திட்டுதே!"

மட்டக்குளிப் பந்து

சதுப்பை நிரப்பின காணியில் ரஞ்சன் என்பவருக்கு ஒரு சின்னக் கால்பந்துத் திடல் போட்டுக் கொடுத்தோம். தண்ணீர் வடிய வேண்டும் என்பதற்காகத் தெற்குப் பக்கம் மெல்லிய சரிவு. கொஞ்ச நாளில் அங்கே விளையாடுகிற பெடியன்கள் சொன்னார்கள்: பந்து தானாக வடக்கு மூலைக்குப் போகிறதாம். போய் மட்டம் பார்த்தோம். வடக்கு மூலைதான் உயரம். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினோம். ஒழுங்காகத் தெற்கே போனது. பக்கத்திலேயே பந்தை வைத்தோம். கொஞ்சம் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டு, வடக்கே ஏறிப் போனது. காற்று என்று சொல்ல ஒரு கொடி கூட அசையவில்லை. திடலைக் கிளறித் திரும்பப் போட்டுத் தருகிறோம் என்றேன். ரஞ்சன் வேண்டாமென்று கையாட்டினார்.

"பெடியன்கள் பழகிட்டானுகள் அண்ணே. அந்த மூலைக்குப் போனா ஒருத்தனும் எடுக்கப் போறதில்ல. கொஞ்சம் பொறுத்தா பந்து திரும்பி வரும்."

கொட்டாஞ்சேனைப் புல்

ஜோசப் அண்ணன் துறைமுகத்தில் வேலை. போன மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலில் அவருடைய ஒரே மகள் போய்விட்டாள், பள்ளிக்கூடம் போகத் தொடங்காத பிள்ளை. தண்ணீர் தேங்கி நின்றது அவர்களுடைய முற்றத்தில்தான். "இனி இதில ஒரு சொட்டு நிக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். நானா அந்தக் குழாய்களின் பொருத்து ஒவ்வொன்றையும் கையால் தடவிப் பார்த்தார். நானும் அப்படி ஒரு வேலை அதற்கு முன் செய்ததில்லை. அடுத்த பெருமழைக்கு நாங்களே போய் நின்று பார்த்தோம். ஒரு சொட்டும் நிற்கவில்லை.

பிறகு அண்ணன் கூப்பிட்டார். புல் ஓரிடத்தில் அழுந்திக் கிடக்கிறதாம். போய்த் தும்புத்தடியால் பெருக்குகிற மாதிரி எதிர்ப்பக்கம் வாரி நிமிர்த்திவிட்டு வந்தோம். மறுபடியும் கூப்பிட்டார். அதே இடம், முற்றத்து நடு. கேற்றடியில் வைத்து மனைவியைப் பற்றி மெதுவாகச் சொன்னார்: "டிலானி மத்தியானத்தில வந்து படுக்கிறா தம்பி. ஒண்டும் கேக்காதீங்க."

கேட்காமல்தான் வாரத் தொடங்கினேன். அழுந்தின இடத்தின் நீளம் என் இடுப்பு உயரம்கூட வராது என்பதை அப்போதுதான் கவனித்தேன். நானாவும் கவனித்திருக்க வேண்டும். சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லை விட்டு இறங்கி நின்றார். டிலானி அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தா. ஏதாவது கதைக்க வேண்டுமே என்று, "பாய் ஒண்டு போட்டுப் படுத்தா புல்லு அழுந்தாது அக்கா" என்று சொல்லிவிட்டேன். அவ கோபப்படவில்லை. தும்புத்தடியை என் கையிலிருந்து மெல்ல வாங்கிச் சுவரில் சாத்தினா.

"நான் படுக்கிறது மதிலோரம் தம்பி. அந்த இடத்த வாராதீங்க, பிள்ள இப்பதான் நித்திரையானது."

நாங்கள் கொடுக்கிற உத்தரவாதம் புல்லுக்கும் குழாய்க்கும் மட்டும்தான், மிச்சத்தைப் பற்றி இதுவரை ஒரு வாடிக்கையாளரும் முறைப்பாடு சொன்னதில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.