மூன்று தட்டுத் தண்ணீர்

பி.எஸ்சி. வேதியியல் முடித்து இரண்டு வருஷமாக வேலை கிடைக்காததால், ரெட்டியார்பாளையத்தில் அண்ணன் நடத்திய பேட்டரி கடையில் ரசீது எழுத உட்கார்ந்தேன். எண்பதுகளின் தொடக்கம் அது.

ஒருநாள் எங்கள் வாடிக்கைக்காரரான டெம்போ டிரைவர் ஒருவர் பேட்டரியைத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார். ஆறு மாதத்தில் இரண்டாவது.

"உங்க கடைத் தண்ணிதாம்மா ஊத்துறேன். அப்புறம் எப்படி செத்துப்போவுது?"

அவர் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டதுதான் உறுத்தியது.

பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர், அதாவது ஆவியாக்கி வடித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு உள்ளே உள்ள தகடுகளை அரித்துவிடும். அந்த வாட்டரை முதலியார்பேட்டையிலிருந்து ஒருவர் வாராவாரம் கேனில் கொண்டுவந்து போடுவார். டிரைவர் போனபிறகு அதில் ஒரு கரண்டி எடுத்து, எவர்சில்வர் தட்டில் ஊற்றி ஸ்டவ்வில் வற்றவிட்டேன். வெள்ளையாகப் படிந்தது.

அண்ணன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்குதே, இதுல என்னா கலந்திருக்கும்?"

"கரைஞ்ச உப்பு கண்ணுக்குத் தெரியாதுண்ணா. பார்க்க ஒரே பொருளாட்டம் இருக்கும், ஆனா கலவை. சுத்தமான தண்ணின்னா வத்தினப்புறம் ஒண்ணும் மிஞ்சக்கூடாது."

அடுத்த முறை கேன்காரர் வந்தபோது அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். அவர் சிரித்தார். "எந்தத் தண்ணி காய்ஞ்சாலும் கறை வுடும் சார். பாப்பா புஸ்தகத்துல படிச்சத சொல்லுது."

எனக்கு இருபத்து மூன்று வயது. பாப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் குக்கரை எடுத்தேன். கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, வெயிட்டைக் கழற்றிவிட்டு, ஆவி வரும் இடத்தில் ரப்பர் குழாய் மாட்டி, அதை நீளமான கண்ணாடிக் குழாயோடு சேர்த்தேன். கண்ணாடிமேல் ஈரத்துணி சுற்றி, சூடேற ஏறக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தேன். குழாய் அழுக்கோடு முதலில் வடிந்ததைக் கொட்டிவிட்டேன். சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டில் நிறைந்தது. கை வெந்துபோயிருந்தது. அம்மா பருப்பு வேகவைக்கக் குக்கர் இல்லாமல் திட்டிக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் கேன்காரர் வந்த நேரத்தில் டெம்போ டிரைவரும் இருந்தார். மூன்று தட்டு வைத்தேன். ஒன்றில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். இரண்டாவதில் கேன்காரரையே அவர் கேனிலிருந்து ஊற்றச் சொன்னேன். மூன்றாவதில் என்னுடையது. ஒவ்வொன்றாக ஸ்டவ்மேல் வற்றவிட்டேன்.

முதல் தட்டில் வெள்ளைப் படிவு. இரண்டாவதிலும் அதே. மூன்றாவது தட்டை டிரைவர் விரலால் தேய்த்துப் பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையே," என்றார்.

கேன்காரர் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேன்களைத் திரும்பச் சைக்கிளில் கட்டினார். அண்ணன் டிரைவரிடம், "வேற பேட்டரி நான் தர்றேன்," என்றார்.

ஒரு மாதத்தில் கடையின் பின்கட்டில் சரியான கண்ணாடிச் சாமான்களோடு நாங்களே தண்ணீர் வடிக்கத் தொடங்கினோம். அதற்கு நான்தான் பொறுப்பு. மற்ற பேட்டரி கடைக்காரர்களும் கேனோடு வந்து நின்றார்கள். ரசீது எழுத அண்ணன் வேறு ஆள் வைத்தார். புதிதாக வருகிறவர்கள் தண்ணீர் சுத்தமா என்று கேட்டால், "உள்ள தங்கச்சி இருக்கா, அவளையே கேளுங்க," என்பார். நான் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வருவேன்.