மெஹபூப் அலி கரி பஸ் பழக்கிய விதம்

மெஹபூப் அலி பதினெட்டு வருஷமாக பஸ் ஓட்டியவர். அதில் ஒரு நாளாவது பானெட்டைத் திறந்து பார்த்தவர் அல்ல. குரலை உயர்த்த மாட்டார், லீவு கேட்டால் இல்லை என்று சொல்லத் தெரியாது. இந்த இரண்டு தகுதிகளுக்காகவே லஸ் பக்கத்து பஸ் ஷெட்டில் அவரை ஹெட் டிரைவராக்கியிருந்தார்கள். யுத்தம் வந்து பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வரும்வரை அவை போதுமானவையாகவே இருந்தன.

ஒரு திங்கட்கிழமை முதலாளி, பஸ்களின் முதுகில் ஆள் உயர இரும்பு டிரம்மைப் பொருத்திக் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே கரியைப் போட்டுப் பற்றவைத்து, கையால் விசிறியைச் சுற்றினால் காஸ் வரும். காஸில் வண்டி ஓடும். பொருத்த வந்த இன்ஜினீயர் இதை இங்கிலீஷில் ஒரு தடவை விளக்கிவிட்டு பெங்களூர் ரயிலேறிவிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள எல்லாரும் பழகிடணும். இல்லேன்னா நீர் பழையபடி சாதா டிரைவர்தான்" என்றார் முதலாளி.

அந்த 'ஹெட்'டைச் சொல்லித்தான் மகள் ஷாகிராவுக்குச் சம்பந்தம் பேசியிருந்தார்கள்.

டிரைவர்கள் டிரம் பக்கமே போகவில்லை. "நானு டிரைவரு பாய். கரி அள்ள வேற ஆளப் பாரு" என்றான் பொன்னுரங்கம். மற்றவர்களுக்கு அது வெடித்துவிடும் என்று பயம். எல்லாரையும்விட அதிகமாகப் பயந்தவர் மெஹபூப் அலிதான். அதை வெளியே சொல்லவில்லை.

யாரையும் திட்டாமல் டீ வாங்கிக் கொடுத்தார், தைரியம் சொன்னார். புதன்கிழமைவரை டீ குடித்தார்கள். வியாழன் காலை, வேறு வழியில்லாமல், தாமே எண்ணெய்த் துணியைக் கொளுத்தி டிரம்முக்குள் நுழைத்தார். புகை வந்தது. விசிறியைச் சுற்றினார், இன்னும் புகை வந்தது. நரைத்த தாடி கறுத்துப்போயிற்று.

"இன்னா பாய், சுத்தச் சுத்த வயசு கொறஞ்சிக்கினே போவுது?" என்றான் பொன்னுரங்கம். "வூட்ல அடுப்பு பத்த வெச்சதே இல்லியா?"

"எம் பொஞ்சாதி அடுப்பாண்ட வுடமாட்டாப்பா."

"ஏன்?"

"ஒருவாட்டி வுட்டுப் பாத்தா."

ஷெட்டே சிரித்தது. பொன்னுரங்கத்துக்கு அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "நவுரு பாய். இப்பிடி அமுக்கி வெச்சா காத்து எங்க பூரும்?" என்று கரியைக் கிளறினான். அவன் கிளறியது சரியில்லை என்று இன்னொரு டிரைவர் வலியுல்லா வந்தார். சாயங்காலத்துக்குள் யார் வண்டி முதலில் கிளம்புகிறது என்று பந்தயமாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை எல்லா பஸ்ஸும் ஓடின. அடையாறு பாலத்து ஏற்றத்தில் பிரயாணிகள் இறங்கித் தள்ளினார்கள் என்பது கம்பெனிக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

"எப்படிய்யா பழக்கினீர்?" என்று முதலாளி கேட்டார்.

"நான் ஒண்ணும் செய்யலீங்க" என்று மெஹபூப் அலி உள்ளதைச் சொன்னார். முதலாளி அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு, தேனாம்பேட்டை ஷெட்டுக்கும் அவரே போய்ப் பழக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மெஹபூப் அலி சமையல்கட்டு வாசலில் போய் நின்றார். "ஜமீலா, எப்பிடிப் பத்த வெக்கிறதுன்னு காமி. அந்த ஷெட்டுலயும் மானம் போயிடும்."

மனைவி ஜமீலுன்னிசா அடுப்பு ஊதுகுழலை ஊதிக்கொண்டே சொன்னாள்: "மானம் போனதாலதானே வண்டி ஓடிச்சு. அதுக்குத்தானே அனுப்பறாங்க. கூடத்துல போயி உக்காருங்க."

மறுநாள் தேனாம்பேட்டையில் துணியைக் கொளுத்தினார். புகை வந்தது. பின்னால் யாரும் சிரிக்கவில்லை. மரியாதையாகக் கைகட்டி நின்றார்கள். மெஹபூப் அலி விசிறியை இன்னும் வேகமாகச் சுற்றி, கறுத்த தாடியோடு அவர்கள் பக்கம் திரும்பிக் காட்டினார்.