விசுவாசப் பிரமாணத்தில் அவர் விட்டுவிட்ட வரி

டீசல் மணமும் மெழுகுதிரி மணமும் ஒன்றாக வந்தால், எனக்கு இன்றைக்கும் பாதிரியாரான எங்கள் சுவாமியாருடைய விறாந்தைதான் நினைவுக்கு வரும்.

மெழுகுதிரி மணம் பக்கத்துக் கோயிலிலிருந்து வருவது. டீசல் மணம் சிவலிங்கத்தின் சேர்ட்டிலிருந்து.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருகோணமலையிலிருந்து மூதூருக்குக் கடலால் ஓடும் லோஞ்ச் படகில் அவருக்கு இஞ்சின் வேலை. சாம்பல்தீவில் சைவக் குடும்பம். நான் துறைமுகத்தடிக் கத்தோலிக்கப் பெட்டை, மூதூரில் படிப்பிக்கப் போய் வந்துகொண்டிருந்தேன். தினமும் ஒரே லோஞ்ச்... மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா சந்தியாப்பிள்ளை கரைவலைக்காரர். ஊரறிந்த கோபக்காரர். விஷயம் தெரிந்ததும் வீடு இரண்டுபடும் என்று பயந்திருந்தேன். அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"ஞானஸ்நானம் எடுக்கட்டும். பிறகு கலியாணத்தைப் பற்றிக் கதைப்பம்."

சிவலிங்கம் மறுக்கவில்லை. நான் கொடுத்த பைபிளை மூதூர் இறங்குதுறையில் லோஞ்ச் கட்டிக் கிடக்கிற நேரமெல்லாம் வாசித்தார். பக்கத்துக்குப் பக்கம் கிறீஸ் விரல் அடையாளம்.

"உங்கட இயேசு நல்ல ஆள்தான்" என்பார் என்னிடம். "கூட்டு முழுக்கக் கடல் தொழில்காரரோட. கடவுளை அப்பா எண்டு கூப்பிடச் சொல்லுறதும் நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கட அப்பாவை நினைச்சாத்தான் கொஞ்சம் யோசனையாக் கிடக்கு."

அவருக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இருந்தது. வலையோடு களைத்து வருகிற சீடர்களுக்கு, உயிர்த்த இயேசு விடியற்காலையில் கரையில் நெருப்பு மூட்டி மீன் சுட்டுக் கொடுக்கிற இடம். அதைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு எனக்கும் சொல்லிக் காட்டுவார், ஏதோ நான் கேள்விப்படாத கதை மாதிரி...

ஞானஸ்நானத்துக்கு முன்னம் சுவாமியார் கேள்வி கேட்கிற நாள் வந்தது. விறாந்தையில் ஒரு கதிரையில் அப்பா. வாசலோரம் நான்.

"எல்லாத்தையும் படைச்ச கடவுளை விசுவசிக்கிறீரோ?"

"ஓம் சுவாமி."

"அவற்ற மகன் எங்களுக்காகப் பாடுபட்டு மரிச்சதை?"

"ஓம் சுவாமி."

"மூண்டாம் நாள் உயிர்த்தெழுந்ததை?"

சிவலிங்கம் கைகளைத் துடைத்தார், துடைக்க ஒன்றும் இல்லாமலே.

"சுவாமி, அது எனக்கு இன்னும் வரேல்லை. வாயால சொல்லலாம். ஆனா கோயிலுக்குள்ள நிண்டு பொய் சொல்ல ஏலாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு 'ஓம்' சொன்னால் வாயா நோகும்? அந்த ஒரு சொல்லில் என் கலியாணமே தொங்கிக்கொண்டிருக்கிறது, இந்த மனிசன் உண்மை பேசிக்கொண்டு நிற்கிறார்.

அப்பா எழும்பிவிட்டார். மீன் சுட்ட கதையை நான்தான் அவருக்குச் சொல்லியிருந்தேன். "கரையில மீன் சுட்டுக் குடுத்ததை நம்புவாராம், உயிர்த்ததை நம்பமாட்டாராம். செத்த ஆள் எப்பிடியப்பா மீன் சுடுறது?"

சுவாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பாவை இருத்தினார்.

"சந்தியா, ஓம் எண்டு சொல்லியிருந்தா அடுத்த மாசமே கலியாணம். அது தெரிஞ்சும் பெடியன் சொல்லேல்லை. உன்ர மகளிட்ட மட்டும் பொய் சொல்லுவானோ?"

அப்பா வீடு வந்து, சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான், "ஞானஸ்நானம் இல்லாமலே கட்ட ஆண்டவரிட்ட அனுமதி எடுக்கலாமாம் எண்டு சுவாமி சொல்லுறார்" என்றார். ஆண்டவர் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் ஆயர், அதாவது பிஷப். அப்படியே அனுமதி வந்தது. பூசை இல்லாமல், சின்னதாகக் கலியாணம் நடந்தது. மாமிமார் குசுகுசுத்தார்கள். எனக்கு அன்று மனம் நிறைந்துதான் இருந்தது.

ஞானஸ்நானம் எடுக்காவிட்டாலும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருவார். எனக்கு ஒரு பக்கம் அவர், மறுபக்கம் அப்பா. பூசையில் நம்பிக்கையை வரிவரியாக அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது எல்லோரோடும் சேர்ந்து சொல்லிக்கொண்டே வருவார்... மரித்து அடக்கம் செய்யப்பட்ட இடம் வரைக்கும். அடுத்த வரிக்கு வாய் மூடிவிடும். அது முடிந்ததும் மறுபடி சேர்ந்துகொள்வார்.

சரியாக அந்த இடத்தில் அப்பா ஒரு செருமல் செருமுவார். வாராவாரம். கோயிலுக்கே கேட்கும்.

ஆனால் லோஞ்ச் ஓடாத நாட்களில் இரண்டு பேரும் ஒன்றாக வலை இழுப்பார்கள். பின்னேரம் கடதாசிச் சீட்டு விளையாடுவார்கள். என்னைக் கவனிக்க ஆள் இல்லை என்று நான் புறுபுறுக்கும் அளவுக்கு ஒட்டிக்கொண்டார்கள்.

பிறகு ஒருநாள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். பெட்டியை முன்னால் நின்று தோளில் தூக்கியவர் இவர்தான்.

அடுத்த ஞாயிறு அந்த வரி வந்தது. செருமல் இல்லை. அதற்குக் காத்து நின்றதில் நான் அந்த வரியைத் தவறவிட்டேன். பக்கத்திலிருந்து கரகரத்த குரல் ஒன்று கேட்டது. "மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார்..."

கடற்கரையால் நடந்து வரும்போது கேட்டேன். "நீங்கள் பொய் சொல்ல ஏலாதெண்ட ஆளெல்லோ?"

"மாமாவை மண்ணுக்குள்ள வச்சிட்டு, இவ்வளவுதான் எண்டு திரும்பி வர ஏலாமக் கிடந்தது" என்றார். "கரையில நெருப்பு மூட்டிக்கொண்டு ஒருத்தர் நிக்கிறார் எண்டா, மாமாவும் அங்கதான் வலையோட வந்து ஏறுவார். பொய் இல்லை. இப்ப எனக்கு வந்திட்டுது."

அடுத்த பாஸ்காவுக்கு, அந்த உயிர்ப்புத் திருநாளில்தான், ஞானஸ்நானம் எடுத்தார்.

இப்போது பாலங்கள் வந்து மூதூருக்கு பஸ்ஸே போகிறது. இவர் சேர்ட்டில் டீசல் மணம் இல்லை, வலிக்குப் பூசும் சித்தாலேப மணம்தான். கோயிலில் விசுவாசப் பிரமாணத்தைத் திரையில் போடுகிறார்கள், பிள்ளைகள் பஸ்ஸுக்குப் போகிற மாதிரி ஓடி முடிக்கிறார்கள்.

இவருக்குக் காது மந்தம். எல்லோரையும் விட ஒரு வரி பிந்தித்தான் வருவார். ஊரே அந்த இடத்தைத் தாண்டிப் போன பிறகு, இவர் குரல் மட்டும் தனியாக, சத்தமாக உயிர்த்தெழுதலைச் சொல்லும். முன் வரிசை வாங்கில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அப்பாவுக்காக நான் ஒருமுறை செருமிக்கொள்வேன்.