பத்தில் நின்ற முள்

போன சனிக்கிழமை, என் வீட்டு ஹாலில் மேஜைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு காலி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டில் எதுவும் செய்யவில்லை. நான்தான் வியர்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் இனியா, திங்கட்கிழமை அறிவியல் கண்காட்சியில் காற்றில் ஓடும் மோட்டார் வைப்பதாகப் பெயர் கொடுத்துவிட்டாள். 'எங்கம்மா மெக்கானிக்கல் இன்ஜினியர்' என்று டீச்சரிடம் சொல்லியும் இருக்கிறாள். உண்மைதான். சர்டிபிகேட் பீரோவில் இருக்கிறது... அவள் பிறந்ததிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது.

செய்தோம். பாட்டில்தான் காற்றுத் தொட்டி. பெரிய சிரிஞ்சு, சிலிண்டர். சைக்கிள் ஸ்போக்கை வளைத்து கிராங்க். பழைய சிடி, சக்கரம். நீள டியூபின் இந்த முனையில் அழுத்தம் காட்டும் கேஜ் வைத்த பம்ப். அதன் பின்னால் நான்.

பாட்டில் வெடித்தால்? அதற்கும் படித்திருக்கிறேனே. முதலில் முழுக்கத் தண்ணீர் நிரப்பி அறுபது வரை அடித்துப் பார்த்தேன் — தண்ணீரோடு உடைந்தால் சிதறாது. உடையவில்லை. அதில் பாதி, முப்பது வரை பயமில்லை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

பிறகு காற்று. முள் பத்தைத் தொட்டதும் என் கை நின்றுவிட்டது. சக்கரம் அரைச் சுற்று வந்து யோசித்தது. மறுபடி அடித்தேன். மறுபடி பத்து. தெரியாமல் பயந்தால் படித்துத் தெரிந்துகொள்ளலாம். தெரிந்த பிறகும் பயந்தால்?

"அம்மா, நீ நெசமாவே இன்ஜினியர்தானா?" என்றாள் இனியா. சண்டைக்கு அல்ல. தெரிந்துகொள்ளத்தான்.

மீன் குழம்புக் கிண்ணத்தோடு வந்த பக்கத்து வீட்டு ஸ்டெல்லா நின்று பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர். அவர் கடலுக்குள் இருக்கும்போது மேலே படகில் அவர் இடுப்புக் கயிற்றைப் பிடிப்பது அவள் தம்பி. இந்தக் கரையில் கயிறு மச்சான் கையில்தான் — அக்காள் தாலிக்கு அவன்தானே காவல்.

"ஏளா, என் தம்பி ஒன்ன மாதிரி பிடிச்சாம்னா, அவிய கால் நனைஞ்ச ஒடனே மேல தூக்கிருவான். சங்கு எங்கன வரும்?"

அவனுக்குப் பயமே கிடையாதா என்று கேட்டேன்.

"அவனுக்கா? படகுல ஏறுனா சோறே எறங்காது. ஆனா கீழ உள்ளவிய இழுத்தாத்தான் இவன் தூக்கணும். அதான் பேச்சு."

இனியா எழுந்துபோய் சணல் கயிறு கொண்டுவந்தாள். ஒரு முனை என் மணிக்கட்டில், மறுமுனை அவள் கையில். ஒரு இழுப்பு — காற்று கொடு. இரண்டு — போதும். என்னை யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை பள்ளியில், பாட்டில் மேல் வாளியைக் கவிழ்த்துவிட்டுத் தொடங்கினோம். பத்து. கை நின்றது. மணிக்கட்டில் ஒரு இழுப்பு. பன்னிரண்டு. இன்னொரு இழுப்பு. பதினைந்து, பதினெட்டு... இருபத்திரண்டில் சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு இழுப்பு.

கயிறு எதற்கு என்று நடுவராக வந்த சார் கேட்டார்.

"மோட்டாருக்கு இல்ல சார். அம்மாவுக்கு."

பரிசு ஒரு எரிமலைக்குப் போனது. அந்த வீட்டில் யாரும் பயப்படவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை இனியாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியே அவள் கையைப் பிடித்தபடி தண்ணீர் பாட்டில், கர்ச்சீஃப், டைரி என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் என் விரலை இரண்டு முறை இழுத்தாள்.

விட்டேன்.