ஐம்பத்து மூன்று ரசீதுகள்

அன்று வங்கியில் அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்கள்: நான். என் மனைவி. எங்கள் கடனுக்குப் பிணை நின்ற அவளுடைய தம்பி. மேசைக்கு அந்தப் பக்கம் கடன் பகுதியில் வேலை செய்யும் பிள்ளை, இருபத்தைந்து வயது இருக்கும். நாலு பேர்தான். என் மடியில் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது.

மாசி மாதக் கடைசி. கடனை முடித்து வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கையில் வாங்கப் போயிருந்தோம். உறுதியை வைக்க மனைவி புதுப் பொலித்தீன் உறை ஒன்று வாங்கி வந்திருந்தாள். மச்சான் சாரத்தை விட்டுக் காற்சட்டை போட்டிருந்தான். அவன் காற்சட்டை போட்டதை அவன் கலியாணத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பிள்ளை கணினியைப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"ஐயா, உங்கடை கணக்கிலை இன்னும் ஏழு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துப் பதினொரு ரூபா நிக்குது."

"வேறை ஆரின்ரையோ கணக்கைப் பாக்கிறீங்கள் பிள்ளை."

அடையாள அட்டை இலக்கத்தை வாசித்தாள். என்னுடையதுதான்.

மச்சான் சொன்னான்: "தங்கச்சி, அந்தப் பெட்டியிலை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கோ. எங்கடை வீட்டு றேடியோவும் தட்டினாத்தான் பாடும்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

வீடு என்னுடையது இல்லை. எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண் பிள்ளைக்குத்தான் எழுதுவார்கள். துறைமுகத்துக்குப் பின்னால் மேட்டில் இருக்கிற அந்த வீடு மாமனார் தன் மகளுக்கு எழுதிய சீதன வீடு. இரண்டு அறை, தகரக் கூரை. மழைக்கு ஒழுகும். கூரையை மாற்றி இன்னும் ஓர் அறையும் கட்டப் பத்து லட்சம் கடன் எடுத்தோம். உறுதி வங்கிக்குப் போனது. பெண்சாதியின் சீதன வீட்டை ஈடு வைத்தவன் என்று சாம்பல்தீவில் அவளுடைய ஆட்கள் கதைத்தார்கள். என் காதுபடவும் கதைத்தார்கள்.

பிணைக்கு ஒருவரும் வரவில்லை. மச்சான் வந்தான். அவன் சாம்பல்தீவில் இருந்து கடலுக்குப் போகிறவன். சொந்தப் படகு இல்லை. மற்றவர்களின் படகில் பங்குக் கூலிக்குப் போகிறவன். கையெழுத்து வைத்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அத்தான், நானும் ஒருநாள் படகுக்குக் கடன் எடுக்கவேணும். இந்தப் பிணை நிக்கிற மட்டும் எனக்கு ஒருத்தரும் தரமாட்டாங்கள். எப்ப விடுவீங்கள்?"

பத்து வருடக் கடன். அவனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது.

"அஞ்சு வருசத்துக்குள்ளை விடுறன்," என்றேன்.

எனக்கு ஏழாம் வகுப்புத்தான் படிப்பு. சீனன்குடாப் பக்கம் இறங்குதுறையில் கப்பலுக்குக் கயிறு கட்டும் வேலை. எங்கள் அலுவலகக் கிளாக்கரிடம் கணக்குப் பார்க்கச் சொன்னேன். மாதத் தவணை பதினையாயிரத்து ஐந்நூற்று இருபத்தேழு. அதற்கு மேல் மாதம் பத்தாயிரம் கட்டினால் ஐம்பத்து மூன்று மாதத்தில் கடன் முடியும் என்றார். கூடக் கட்டுகிற காசைக் கடனின் முதல் தொகையில் கழிக்கச் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார். அலுமாரிக் கதவின் உள்பக்கம் பென்சிலால் ஐம்பத்து மூன்று கோடு போட்டேன். மாதம் ஒன்றை வெட்டினேன்.

அந்தப் பத்தாயிரம் சும்மா வரவில்லை.

பஸ்ஸை விட்டேன். போக வர ஒவ்வொரு முறையும் ஏழெட்டுக் கிலோமீற்றர் சைக்கிள். பின் ரயரில் நூல் தெரிந்த பிறகும் ஏழு மாதம் ஓடினேன். பீடியை விட்டேன். தேத்தண்ணிக்குச் சீனியைக் கோப்பையில் போடுவதை விட்டோம். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு குடித்தோம். கோப்பையில் போட்டால் இரண்டு கரண்டி போகும், கையில் வைத்தால் அரைக் கரண்டி. மீன் என்றால் மலிவான சூடை. அதுவும் வெயில் ஏறி விற்கிறவன் அலுத்துப்போன நேரத்தில் வாங்கியது. மனைவி வெண்டியும் கீரையும் போட்டாள். ஊருக்குள் திரிகிற மான்கள் வந்து தின்றன. வேலி அடைக்கக் காசு செலவழிக்காமல் பழைய கப்பல் கயிற்றைச் சுற்றிக் கட்டினேன். மான்கள் கயிற்றுக்குக் கீழால் தலையை விட்டுத் தின்றன.

காஸும் பெற்றோலும் இல்லாத வருடத்தில் எல்லோரும் தவணையைத் தள்ளிப் போடச் சொல்லி வங்கிக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. அந்த வருடம் மனைவி ஒரு சோடி காதுப்பூ விற்றாள். அதை இன்னும் திருப்பி வாங்கிக் கொடுக்கவில்லை.

திரியாயில் என் அண்ணனின் மகளுக்குக் கலியாணம் வந்தது. போனால் மொய் ஐயாயிரம் எழுத வேண்டும். வான் காசு, மனைவிக்கு ஒரு சேலை. எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்துக்கு மேல். ஒரு கோடு தள்ளிப் போகும். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி விட்டோம். அன்று நான் வேலைக்குப் போய்க் கப்பலுக்குக் கயிறு கட்டியதைக் கண்டவர் யாரோ அண்ணனிடம் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் என்னோடு கதைக்கவில்லை.

இவ்வளவும் அந்த ஐம்பத்து மூன்று கோட்டுக்காக. அன்று எல்லாக் கோடும் வெட்டியாகிவிட்டது. மச்சான் படகும் பார்த்துவிட்டான். பழைய பைபர் படகு, எஞ்சினோடு. விற்கிறவருக்கு இருபத்தையாயிரம் முற்பணம் கொடுத்திருந்தான். பங்குனி பிறந்தால் கடல் அடங்கும். எட்டு மாதம் தொழில் செய்யலாம். ஐப்பசி கழிந்தால் வாடைக் காற்று, கரையில்தான் இருக்க வேண்டும். மாசி முடிய முன் பிணை விடுபட்டால் அவன் தன் கடனை எடுத்து அந்தப் பருவத்தைப் பிடிக்கலாம்.

"நான் மாதம் மாதம் பத்தாயிரம் கூடக் கட்டினது எங்கை பிள்ளை?" என்று கேட்டேன்.

"கிடக்கு ஐயா. ஒரு சதமும் போகேல்லை. ஐந்து லட்சத்து முப்பதாயிரம். வாற தவணையளுக்கு முற்பணமாக் கிடக்கு."

"கடன் முதல் தொகையிலை கழியேல்லையோ?"

"இல்லை ஐயா. நீங்கள் எழுதித் தரேல்லையே."

"வாயாலை சொன்னனான்."

"ஆருக்கு?"

"காசு வாங்கிற தம்பிக்கு. முதல் மாதம்."

"அவர் மாற்றலாகிப் போய் மூண்டு வருசம்."

மனைவி என்னைப் பார்த்தாள். "அவர் தலையை ஆட்டினவர் எண்டு சொன்னீங்களே."

"ஆட்டினவர்."

"எதுக்கு ஆட்டினவரோ."

எங்கள் வேலையில் எல்லாம் வாய்ச்சொல். கப்பலின் மேல்தட்டில் நின்று ஒருவன் விடு என்றால் கயிற்றை விடுவோம். பிடி என்றால் பிடிப்போம். எழுதித் தா என்று கேட்டுக்கொண்டு நின்றால் கப்பல் துறையில் இடிக்கும். முப்பது வருடம் அப்படி வேலை செய்தேன். வங்கியும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன்.

"வருசா வருசம் உங்களுக்குக் கடிதம் போட்டிருக்கே ஐயா. அதிலை மிச்சம் எவ்வளவு எண்டு இருக்கும்."

தகரத்தைத் திறந்தேன். மேலே ஐம்பத்து மூன்று ரசீது, றப்பர் போட்டுக் கட்டி. அதற்குக் கீழே நாலு கடித உறை. ஒன்றும் திறக்கவில்லை.

இதைச் சொல்ல வெட்கம்தான். வங்கிக் கடிதம் என்றால் கட்டாதவனுக்கு வருகிற கடிதம் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கு அப்படித்தான் வரும். வந்தால் நாலு வீடு அறியும். நான் ஒரு மாதமும் தவறாதவன். எனக்கு எதற்குக் கடிதம்? ஏதோ பிழையாக அனுப்புகிறார்கள் என்று தபால்காரர் கையில் இருந்து வாங்கின கையோடு தகரத்துக்குள் போட்டு மூடினேன். மனைவி இரண்டு தரம் கேட்டாள், உடைத்துப் பார்ப்போமா என்று. அவள் பத்தாம் வகுப்பு. நான் விடவில்லை.

அவள் இப்போது ஓர் உறையைக் கிழித்தாள். மூன்று மொழியிலும் இருந்தது. தமிழ் நல்ல தெளிவான தமிழ். மேலதிகக் கொடுப்பனவை முதல் தொகையில் கழிக்க எழுத்தில் அறிவிக்கவும் என்று ஒரு வரி. வாசித்து முடித்து மேசையில் வைத்தாள். மற்ற மூன்றையும் அவள் கிழிக்கவில்லை.

"இப்ப எழுதித் தந்தால்?" என்றேன்.

"இண்டைக்கே கழிப்பம். ஒரு லட்சத்து எண்பத்தொன்பதாயிரத்துப் பதினொரு ரூபா மிஞ்சும். நீங்கள் கட்டுற மாதிரியே கட்டினால் எட்டு மாதம்."

எட்டு மாதம் என்றால் பங்குனி தொடக்கம் ஐப்பசி வரை. கடல் அடங்கி இருக்கிற அதே எட்டு மாதம். மச்சான் விரலை மடக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் எண்ணத் தெரியும்.

"மச்சானின்ரை பிணையை எண்டாலும் விடுங்கோ பிள்ளை," என்றேன்.

"கடன் முடியாமல் ஏலாது ஐயா. இல்லாட்டி அவருக்குப் பதிலா வேறை ஒராள் வரவேணும். நிரந்தர வேலை உள்ள ஆள்."

நிரந்தர வேலை உள்ள ஆள் என் குடும்பத்தில் ஒருவர்தான், திரியாயில் இருக்கிற அண்ணன்.

அந்தப் பிள்ளை ஒரு வெள்ளைத் தாள் தந்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆறு வரிதான். அரை மணித்தியாலம் எடுத்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். இந்த ஆறு வரியை முதல் மாதம் எழுதியிருந்தால் அன்றைக்கு உறுதி பொலித்தீன் உறைக்குள் இருந்திருக்கும். அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. யாரையாவது ஏச வேண்டும் போல இருந்தது. ஏசுவதற்கு என்னை விட்டால் ஆள் இல்லை.

வெளியே வந்து மச்சான் சொன்னான்: "விடுங்கோ அத்தான். நாலரை வருசம் வாயைக் கட்டினீங்கள். இன்னும் எட்டு மாதம் கட்ட மாட்டீங்களோ."

"உன்ரை படகு?"

"படகு எங்கை போகப்போகுது. கடல்லைதானே நிக்கும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திரியாய்க்குப் போனேன். நாலு வருடத்துக்குப் பிறகு அன்றுதான் பஸ்ஸுக்குக் காசு கொடுத்தேன். அண்ணன் வீட்டில்தான் இருந்தார், அவருடைய செருப்பு வாசலில் கிடந்தது. அண்ணி வந்து கதிரை போட்டார். தேத்தண்ணி தந்தார். சீனி கோப்பைக்குள் இருந்தது, நிறைய. பிணை நிற்கக் கேட்க வந்த விசயத்தைச் சொன்னேன்.

"இப்ப காய்ச்சல் எப்பிடி?" என்றார் அண்ணி.

நான் ஒரு மிடறு குடித்தேன்.

"மிச்சம் பிடிக்கிற ஆக்களுக்கு எங்கடை கையெழுத்து எதுக்குத் தம்பி? அதையும் மிச்சம் பிடியுங்கோவன்."

உள்ளே கட்டில் சத்தம் கேட்டது. அண்ணன் வெளியே வரவில்லை. குடித்துவிட்டு எழும்பி வந்தேன். அவர்களைக் குறை சொல்ல ஏலாது. அந்தக் கலியாணத்தில் நான் மிச்சம் பிடித்த பத்தாயிரம், எங்கேயும் கழிபடாமல் வங்கியில் சும்மா கிடந்த பத்தாயிரம்.

படகை நிலாவெளிக்காரர் ஒருவர் வாங்கிவிட்டார். முற்பணத்தில் பாதி திரும்பி வந்தது. மற்றப் பாதியை நான் கொடுக்கிறேன் என்றேன். மச்சான் வேண்டாம் என்றான். கொடுக்க என்னிடம் இருக்கவும் இல்லை.

பங்குனியில் அவன் கூலிக்குப் போகப் படகு தேடிய போது அந்த நிலாவெளிக்காரரே கூப்பிட்டார். அதே படகு, அதே எஞ்சின். போகிறான்.

"அத்தான், படகு நான் பாத்து வைச்சதுதான்," என்றான் ஒருநாள் மீன் கொண்டு வந்த போது. "முதலாளிதான் மாறிப்போச்சு."

மனைவி சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் நெடுநேரம் வரவில்லை. அன்று பாரை மீன். நான் சாப்பிட்டேன்.

அலுமாரிக் கதவில் எட்டுக் கோடு புதிதாகப் போட்டிருக்கிறோம். இந்த முறை மனைவி போட்டாள், பேனையால். பங்குனிக்கு ஒன்று, சித்திரைக்கு ஒன்று, வைகாசிக்கு ஒன்று வெட்டியாகிவிட்டது. தேத்தண்ணிச் சீனி இன்னும் கையில்தான். சைக்கிளுக்கு மட்டும் ரயர் மாற்றினேன்.

ஒவ்வொரு மாதமும் காசோடு ஒரு கடிதமும் கொண்டு போகிறேன். ஒரு முறை தந்தது காணும் ஐயா, இனித் தேவையில்லை என்கிறாள் அந்தப் பிள்ளை. வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டு வருகிறேன். மிச்சம் எவ்வளவு என்று ரசீதின் பின்பக்கம் அவள் கையால் எழுதி வாங்குகிறேன். அதை வாசலிலேயே நின்று வாசிக்கிறேன். இரண்டு தரம்.

வைகாசி ரசீதில் உள்ளது:

118,228.