கட்டி வைத்த வேகம்

இணையம் தளர்ந்தால் வீடியோ பாதியில் நின்றுவிடக் கூடாது. தரத்தைக் குறைத்துக்கொண்டாவது ஓட வேண்டும். எப்போது குறைப்பது, எப்போது கூட்டுவது என்று விதி எழுதுவதுதான் அவள் வேலை. வீட்டில் முதல் பட்டதாரி. "எம் பொண்ணு படத்தை நிக்காம ஓட வைக்கிறவ" என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளப்பார்.

அப்பா செருப்பு தைப்பவர். வீடு ஒரே அறை; அவள் அலுவலக வேலை பார்ப்பதும் அங்கிருந்தே. அவள் முதுகுக்குப் பின்னால் அறுந்த வார்கள், பிளந்த அடிகள், பசை டப்பா, நடுவே குனிந்த அவர் தலை. முதல் வாரம் அலுவலக வீடியோ கூட்டத்தில், "பின்னாடி என்ன, செருப்புக் கடையா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பின்னணியை மட்டும் மறைத்தால், மறைக்கிறாள் என்று தெரிந்துவிடும். அதனால் தன் கணினியிலேயே இணைய வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டாள். படம் மங்கியது. அப்பா ஒரு பழுப்புக் கறையானார். "எங்க ஏரியால நெட்வொர்க் மோசம்" என்று வாய் கூசாமல் சொன்னாள்.

அதை அப்பாவும் நம்பிவிட்டார். ஒருநாள் பிழைப்பைக் கெடுத்துக்கொண்டு இணைய ஆபீசில் மல்லுக்கு நின்று, லைன்காரரைக் கையோடு கூட்டி வந்தார்.

"பெரியவரே, லைன் குதிரை மாதிரி ஓடுது."

"அப்ப எம் பொண்ணு மூஞ்சி ஏன்யா ரப்பர் வெச்சு அழிச்ச மாதிரி தெரியுது?"

அவள் வாயெடுப்பதற்குள் லைன்காரர் கணினியைத் தன் பக்கம் திருப்பிவிட்டார். "இங்கயே வேகத்தைக் கட்டி வெச்சிருக்காங்க. தெரியாம நடக்கிற வேலை இல்ல இது."

அவர் போனபின் அப்பா எழுந்தார். செருப்புகளைச் சாக்கில் அள்ளினார்.

"மீட்டிங் எத்தனை மணிக்கும்மா?"

"பத்தரைக்குப்பா."

"நான் படிக்கட்டுல உக்காந்து தைக்கிறேன். நீ அதை அவுத்து விட்டுடு. உன் முகம் தெரியணும்ல."

"அப்பா, அதுக்கில்ல..." என்றாள். அதற்குள் அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் வரம்பை நீக்கினாள். படம் பளிச்சென்று வந்தது. பின்னால் வெறும் சுவர்.

"அட, நெட் சரியாயிடுச்சே!" என்றார் மேலாளர். "அது என்ன டொக்கு டொக்குன்னு சத்தம்?"

கதவு பாதி திறந்திருந்தது.

"பக்கத்து வீட்ல ஏதோ வேலை நடக்குது சார்."

வெளியே சுத்தியல் நின்றது.

"இப்ப நல்லா கேக்குது," என்றார் மேலாளர். "சொல்லுங்க."